தில்லியில் இருந்துகொண்டு டிடி தமிழ் பார்ப்பது எப்படி: மாதக் கட்டணம் இல்லாமல், போனிலும் டிவியிலும்

முனீர்க்காவில் எங்கள் மாடி வீட்டு மாமி போன மாதம் வழிமறித்துக் கேட்டார். "ஏம்ப்பா, கேபிள்காரன் தமிழ்ச் சேனலுக்குத் தனியா காசு கேக்கறான். எனக்குப் பொதிகை மட்டும் வந்தா போதும், வழி இருக்கா?" பொதிகைக்கு 2024 ஜனவரியிலேயே டிடி தமிழ் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், மாமிக்கு அது இன்னும் பொதிகைதான். வழி இருக்கிறது மாமி என்று சொல்லி அவருக்குச் செய்து கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன், போனில் வாட்ஸ்அப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

அந்த வழியின் பெயர் வேவ்ஸ். தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் பிரசார் பாரதியின் ஓடிடி ஆப், அதாவது இன்டர்நெட் வழியாகப் படமும் டிவியும் பார்க்கிற ஆப் இது, 2024 நவம்பர் 20 அன்று கோவா திரைப்பட விழாவில் தொடங்கி வைத்தார்கள். நேரலைச் சேனல்கள், பழைய தொடர்கள், ரேடியோ எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். தொடங்கியபோது 65 நேரலைச் சேனல்கள், 12க்கும் மேற்பட்ட மொழிகள் என்று அறிவித்தார்கள், அதில் தமிழும் உண்டு.

முதல் வேலை, ஆப்பைத் தேடுவது. முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். ப்ளே ஸ்டோரில் வெறும் வேவ்ஸ் என்று ஆங்கிலத்தில் தட்டினால் பாட்டு ஆப், வால்பேப்பர் ஆப், அலைச்சத்தம் போட்டுத் தூங்க வைக்கிற ஆப் என்று அந்தப் பெயரில் ஏகப்பட்டது வந்து நிற்கும். போதாததற்கு 2025 மே மாதம் மும்பையில் மத்திய அரசு நடத்திய மாநாட்டுக்கும் இதே பெயர், அது வேறு சமாச்சாரம். அதனால் பிரசார் பாரதி என்பதையும் சேர்த்துத் தட்டுங்கள். வெளியிட்டவர் பெயர் ஆப்பின் தலைப்புக்குக் கீழேயே சின்ன எழுத்தில் இருக்கும், அதில் பிரசார் பாரதி என்று இருந்தால் மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய லிங்க்கைத் தொட்டு இறக்கவே வேண்டாம். ஐபோன்காரர்களுக்கு ஆப் ஸ்டோரில் இதே கதைதான்.

அடுத்து, உள்ளே நுழைவது. மொபைல் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும், அதை ஆப்புக்குள் போட வேண்டும். யாராவது போன் செய்து அந்த ஓடிபியைக் கேட்டால் சொல்லாதீர்கள், அவர் அரசாங்க ஆள் என்றே சொன்னாலும் சரி. மாமிக்கு ஓடிபி வரவில்லை என்று பத்து நிமிடம் பார்த்தோம். கடைசியில் அவர் பழைய எண்ணைக் கொடுத்திருந்தார், அந்த சிம் அலமாரியில் கிடந்தது.

மொழி கேட்டால் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கேட்காவிட்டாலும் கவலையில்லை, அமைப்புகள் பக்கத்தில் பிறகு மாற்றலாம். தில்லியில் இருக்கிறோம் என்று அவசரத்தில் இந்தியைத் தொட்டுவிட்டு, தமிழே இல்லை என்று ஆப்பைத் தூக்கிப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்து ரெண்டு பேர்.

இனி பார்ப்பது. நேரலைப் பகுதிக்குப் போய் டிடி தமிழைத் தொட்டால் இந்த நிமிடம் சென்னையில் என்ன ஓடுகிறதோ அதுதான் ஓடும். நிகழ்ச்சிப் பகுதி அப்படியில்லை, நினைத்த நேரத்தில் போட்டு, நிறுத்தி, சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தேடும்போது பெயரை ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் ஒரு எழுத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், பழைய சரக்கில் இந்திதான் அதிகம். ராமாயணம், மகாபாரதம், 1984இல் வந்த ஹம் லோக் மாதிரியானவை. 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியின் பெட்டகம் முழுக்க இங்கே இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அதற்கு யூடியூபில் இருக்கும் டிடி தமிழ் பக்கத்தையும் ஒரு கை பார்க்கலாம், அதுவும் இலவசம்தான்.

நடுவில் காசு கேட்கிற பக்கம் வந்தால் பதறாமல் பின்னால் வந்துவிடுங்கள். சந்தாத் திட்டங்களும் இருக்கின்றன, ஆனால் டிடி தமிழ் பார்க்க அட்டை எண்ணோ யூபிஐயோ தேவையில்லை.

பெரிய திரை வேண்டுமா? ஆண்ட்ராய்டு டிவி என்றால் அதிலுள்ள ப்ளே ஸ்டோரிலேயே ஆப்பை இறக்கிவிடலாம். இல்லையென்றால் போனையும் டிவியையும் ஒரே வைஃபையில் இணைத்து, போனில் ஓடுவதை டிவிக்கு அனுப்புகிற கேஸ்ட் பொத்தானைத் தொட்டு அனுப்பலாம். மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்கள் படத்தின் தரத்தைக் குறைத்து வையுங்கள். சாதாரணத் தரத்திலேயே ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 1 ஜிபி போய்விடும், தினசரி பேக் மத்தியானத்துக்குள் காலி.

கிரிக்கெட்டுக்காக யாராவது இதை இறக்கினால் ஏமாறுவார்கள். 2007 சட்டப்படி முக்கியமான ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதிக்குக் கொடுத்தாக வேண்டும், ஆனால் அது ஆன்டெனாவில் வரும் தரைவழி ஒளிபரப்புக்கும், தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான். அதனால் டிவியில் டிடி காட்டுகிற ஆட்டம் ஆப்பில் வராமல் போகலாம்.

நெட்டே இல்லாத வீடு என்றால் அந்த ஃப்ரீ டிஷ்தான் தோது. மொட்டை மாடியில் ஒரு குடை, கீழே ஒரு பெட்டி, வாங்கும்போது ஒரே ஒரு முறை செலவு, மாதக் கட்டணம் கிடையாது, டிடி தமிழும் வரும். நினைத்த நேரத்தில் போட்டுப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். மாமிக்கு அதையும் சொன்னேன். "மாடிக்கு யார் ஏறுவா, போனே போதும்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு செய்தி பார்க்க உட்கார்ந்துவிட்டார்.