வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்: பேலியேட்டிவ் சிகிச்சையில் நாம் செய்யும் தவறுகள்

"பேலியேட்டிவ் டாக்டரை ஒருமுறை பாருங்கள்" என்றதுமே பல வீடுகளில் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். பேலியேட்டிவ் என்றால் நோயால் வரும் வலியையும் அவதியையும் குறைக்கும் சிகிச்சை. டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. புற்றுநோய்க்குக் கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே வலி, வாந்தி, மூச்சுத்திணறல், மனக்கலக்கம் எல்லாவற்றுக்கும் இந்தச் சிகிச்சையையும் சேர்த்தே எடுக்கலாம். பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், ஆரம்பத்திலேயே இதைப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, அவர்கள் கூடுதல் காலம் உயிரோடும் இருந்தார்கள். புற்றுநோய்க்கு மட்டும்தான் என்பதும் தப்பு. சிறுநீரகம் செயலிழந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள், பக்கவாதத்தில் படுத்த படுக்கையானவர்கள் எல்லோருக்கும் இது உண்டு.

எனக்கு மிகவும் கோபம் வருவது, கடும் வலியை அடக்கும் மருந்தான மார்ஃபின் விஷயத்தில்தான். "போதை மருந்தாச்சே, பழகிவிட்டால்?" என்று கேட்டுக்கொண்டே, ராத்திரி முழுக்கத் துடிப்பவரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோம். டாக்டர் வலிக்கு ஏற்ப அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுக்கும்போது அடிமையாவது அரிது, அது உயிரைச் சீக்கிரம் முடிப்பதும் இல்லை. சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் பெரும்பாலும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதுவார்கள். வலி வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் நேரம் பார்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஏறிய வலியை அடக்கப் படாதபாடு படவேண்டும். முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பிறகு தெளிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் அப்படிப் போகாது, அதனால் அதற்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்குங்கள். மார்ஃபினை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. 1985-ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்தே பல மருத்துவமனைகள் இதை வைத்துக்கொள்ளாமல் இருந்தன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். இப்போதும் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது, அனுமதி பெற்ற மருத்துவமனையில்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், சாப்பாடு. கடைசி நாட்களில் உடம்பே பசியைக் குறைத்துக்கொள்ளும். "ரெண்டு வாயாவது" என்று திணித்தால் புரையேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது. கேட்டால் கொடுங்கள், இல்லையென்றால் உதட்டையும் நாக்கையும் ஈரமாக வைத்திருந்தாலே போதும்.

இதற்கெல்லாம் ஆஸ்பத்திரியில்தான் கிடக்க வேண்டும் என்றும் இல்லை. கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களையும் நர்சுகளையும் சேர்த்து வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வழக்கமாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து செய்யும் பேலியேட்டிவ் சேவை இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் விசாரியுங்கள், நோயாளி எழுந்து நடமாடிக்கொண்டிருக்கும்போதே.