‘என்று தோன்றுகிறது’வில் தொடங்குங்கள்

எழுத்தில் உங்கள் சொந்தக் குரல் வர வேண்டுமென்றால், போன மாதம் எழுதிய ஏதாவது ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘என்று தோன்றுகிறது’, ‘நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம்’, ‘எனக்குத் தெரிந்தவரை’ என்று வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். நான் செய்து பார்த்தபோது இரண்டு பக்கத்தில் 11 வட்டம். அதில் மூன்றுதான் உண்மையான சந்தேகம், மற்ற எட்டும் யாரும் சண்டைக்கு வருமுன்பே நானாகக் கேட்டுவைத்த மன்னிப்பு. அந்த எட்டையும் அடித்துவிடுங்கள். மூன்றைத் தொடாதீர்கள், அது நேர்மை.

சரி, அடித்தால் குரல் வந்துவிடுமா? வராது. சில சமயம் வெறும் அதட்டல்தான் மிஞ்சும். அடுத்து பார்க்க வேண்டியது, சொல்பவள் எங்கே நிற்கிறாள் என்பது. 2022இல் நோபல் பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் அன்னி எர்னோ 2008இல் வெளியிட்ட ‘வருடங்கள்’ நூலில் தன் வாழ்க்கையைத்தான் சொல்கிறார், ஆனால் ‘நான்’ என்று சொல்லாமல் ‘அவள்’, ‘நாம்’ என்றே போகிறார். தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் ‘வெஜிடேரியன்’ நாவலில் நாயகியின் கதையைக் கணவன், அக்கா கணவன், அக்கா என்று மூன்று பேரின் பார்வையில்தான் பார்க்கிறோம், அவளுக்குக் கிடைப்பது சில கனவுத் துண்டுகள் மட்டும், அப்படியும் புத்தகம் முழுக்க அவள்தான் நிற்கிறாள். ஆக, உரக்கப் பேசுவதும் அதிகாரமும் ஒன்றல்ல.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு, நாம் அதைக் கவனிப்பதே இல்லை. ‘நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை’ என்றால் வாசகர் வாசலில் நிற்கிறார். ‘நாம் அதைப் பற்றிப் பேசியதில்லை’ என்றால் அவரும் உடந்தை. ‘நான்’ என்ற சொல்லையே விட்டுவிட்டு ‘கதவைச் சாத்தினேன்’ என்றால் செயல் முன்னே வருகிறது, ஆள் பின்னால் போகிறாள். ஒரே சம்பவத்தை நான், அவள், நாங்கள், நாம் என்று நான்கு விதமாக, ஒவ்வொன்றும் அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள். எதில் உங்களுக்குத் தெரியாமலே ஒரு புது விவரம் வந்து விழுகிறதோ, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மறுநாள் வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடம் பெரும்பாலும் இரவல் வாங்கிய நடை. தலித் எழுத்தாளர் பாமா 1992இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலான ‘கருக்கு’வில் உரையாடலை மட்டுமல்ல, முழு நூலையுமே பேச்சுத் தமிழில் எழுதினார். அதற்காக எல்லோரும் அப்படி எழுத வேண்டியதில்லை, வீட்டில் பேசாத மொழியைக் கௌரவத்துக்காகக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், அவ்வளவுதான்.

கடைசியாக, ஒவ்வொரு பத்தியின் இறுதி வரியையும் மறைத்துவிட்டுப் படியுங்கள். முன்னால் சொன்னதையே விளக்கி, நியாயப்படுத்தி, யாரையோ சமாதானப்படுத்துகிற வரியாக அது இருந்தால் எடுத்துவிடுங்கள். எனக்குப் பாதிக்கு மேல் போய்விட்டது.