பழைய லென்ஸ் பார்க்கப் போகும்போது டார்ச் எடுத்துப் போங்கள்

பழைய கேமரா லென்ஸ் தேடி வாங்கும் எங்கள் கூட்டத்தில் யாராவது "ஒரு லென்ஸ் வந்திருக்கு, பார்க்கப் போறேன்" என்று கிளம்பினால் மற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி, டார்ச் எடுத்தியா என்பதுதான். சில வருடங்களுக்கு முன்னால் பெங்களூருவில் ஒரு நடைபாதைக் கடையில் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைக் கையில் எடுத்து, வானத்தைப் பார்த்துப் பிடித்து, கண்ணாடி பளிச்சென்று இருக்கிறதே என்று பணத்தைக் கொடுத்துவிட்டு கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து இருட்டில் டார்ச் அடித்தபோதுதான் உள்ளே ஒரு கண்ணாடி முழுக்க மோர் தெளித்த மாதிரி மங்கல் தெரிந்தது. வானத்து வெளிச்சத்தில் எல்லா லென்ஸும் நல்ல லென்ஸாகத்தான் தெரியும்.

பார்க்கும் முறை இது. அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, முழுக்கத் திறந்து வையுங்கள், அதாவது எஃப்/1.4, எஃப்/2 என்று வளையத்தில் இருக்கும் மிகச் சிறிய எண்ணுக்குத் திருப்புங்கள். நிழலான இடத்துக்கு வந்து, டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்வாக அடித்து, மறுபக்கத்திலிருந்து உள்ளே பாருங்கள். அப்புறம் லென்ஸைத் திருப்பி இன்னொரு முறை. செல்போன் டார்ச்சே போதும்.

இப்படிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது தூசி. புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் பயந்துவிடுகிறார்கள். நாற்பது ஐம்பது வருட லென்ஸில் தூசி இருக்கத்தான் செய்யும், அது படத்தில் தெரியாது, விட்டுவிடுங்கள். ஒரு தூசிகூட இல்லாமல் உள்ளே சுத்தமாக இருந்தால் யாரோ கழற்றித் துடைத்திருக்கலாம், அப்போது வெளியே உள்ள திருகுகளின் தலைகளைப் பாருங்கள். அவை தேய்ந்து பிய்ந்திருந்தால் கழற்றியவருக்குக் கை பழக்கமில்லை என்று அர்த்தம்.

கவனிக்க வேண்டியவை வேறு. சிலந்தி வலை போலவோ சின்ன வேர் கிளை விட்ட மாதிரியோ இழை தெரிந்தால் ஃபங்கஸ். ஓரத்தில் கொஞ்சமாக இருந்தால் தெரிந்த மெக்கானிக் கழற்றித் துடைத்துவிடுவார், ஆனால் நாள்பட்ட ஃபங்கஸ் கண்ணாடி மேல் பூசியிருக்கும் கோட்டிங்கையே தின்றுவிடும், துடைத்த பிறகும் அதன் தடம் அங்கேயே இருக்கும். எனக்கு நேர்ந்த மாதிரி மங்கல் இருந்தால் வெயிலுக்கு எதிராக எடுக்கும் படமெல்லாம் சாயம் போன துணி மாதிரி வெளுத்து வரும். இதையும் சில சமயம் துடைக்க முடியும், எல்லா லென்ஸிலும் முடியாது, அதனால் துடைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் முழு விலை கொடுக்காதீர்கள். விளிம்பில் வானவில் நிறம் பட்டையாகத் தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகிறது, அதை நம் ஊர்ப் பக்கம் சரிசெய்ய ஆள் கிடையாது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கீறலைப் பொறுத்தவரை, முன் கண்ணாடியில் ஒன்றிரண்டு மெல்லிய கீறல் இருந்தால் கவலையே வேண்டாம், அதைக் காட்டி விலை குறைத்துக் கேட்கலாம். பின் கண்ணாடியில் ஆழமான கீறல் இருந்தால் அது படத்தில் தெரியும்.

பிறகு அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பி, அந்தத் துளையைச் சுருக்கும் மெல்லிய தகடுகளான பிளேடுகளைப் பாருங்கள். மேலே எண்ணெய் மினுமினுத்தால் யோசிக்க வேண்டும். ஷட்டர் அழுத்தும் நொடியில் பிளேடுகள் டக்கென்று மூட வேண்டிய ஆட்டோ வகை லென்ஸில் எண்ணெய் ஏறினால் அவை மெதுவாக மூடும், சில சமயம் ஒட்டிக்கொள்ளும். சோவியத் லென்ஸான ஹீலியோஸ் 44-2 மாதிரி கையாலேயே திறந்து மூடும் லென்ஸில் அந்த வேகம் தேவையில்லை, கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் நான் வாங்குவேன். ஃபோகஸ் வளையம் ஒரே சீராக ஓட வேண்டும். கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தால் புது கிரீஸ் வைக்கலாம், ஆனால் ஒரு இடத்தில் மட்டும் முட்டி நின்றால் கீழே விழுந்த லென்ஸாக இருக்கும். முன் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்று தடவினாலே தெரிந்துவிடும்.

சரி, லென்ஸ் நன்றாக இருக்கிறது, உங்கள் கேமராவில் மாட்டுமா? மவுண்ட் என்று சொல்லும், லென்ஸ் பூட்டும் விளிம்பிலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரைக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு கேமரா வகைக்கும் ஒன்று. பழைய எம்42 (42 மி.மீ.) திருகு லென்ஸுக்கு அது 45.46 மி.மீ., கேனான் இஎஃப் மவுண்டுக்கு 44 மி.மீ., நிகான் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ., சோனி இ மவுண்டுக்கு வெறும் 18 மி.மீ. கேமராவின் தூரம் லென்ஸின் தூரத்தைவிடக் குறைவாக இருந்தால், இடையில் உள்ள வித்தியாசத்தை அடாப்டர் என்ற இணைப்பு வளையம் நிரப்பிவிடும். அதனால் உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கிட்டத்தட்ட எல்லாமே மாட்டும், ஆடி உள்ள கேனான் டிஎஸ்எல்ஆரில் எம்42 ஒரு மெல்லிய வளையத்தோடு மாட்டும், நிகான் டிஎஸ்எல்ஆரில் மாட்டினால் பக்கத்தில் இருப்பது மட்டும் ஃபோகஸ் ஆகும், தூரத்து மலை ஆகாது. கண்ணாடி வைத்த அடாப்டர் போட்டால் தூரமும் வரும், ஆனால் அந்த மலிவுக் கண்ணாடி லென்ஸின் அழகையே கெடுத்துவிடுகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. நிகான் டிஎஸ்எல்ஆர் இருந்தால் பழைய நிகான் லென்ஸையே தேடுங்கள். 1977லிருந்து வந்த, ஏஐ என்று நிகான் பெயரிட்ட வகையாக இருந்தால் நல்லது. அதற்கு முந்தையவற்றை டி7000 மாதிரி உடல்களில் அப்படியே திருகினால் மவுண்ட் ஓரத்தில் இருக்கும் சின்ன நெம்பு உடைய வாய்ப்பு உண்டு. டி3000, டி5000 வரிசையில் அந்த நெம்பு இல்லாததால் மாட்டலாம், ஆனால் ஏஐ லென்ஸ் போட்டாலும் அவற்றில் மீட்டர் வேலை செய்யாது, வெளிச்சத்தை நீங்களே கணிக்க வேண்டும்.

இன்னொரு பொறி, 39 மி.மீ. திருகு. லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கான ஜுபிட்டர்-8 மாதிரி லென்ஸும், சோவியத் கேமராவான பழைய ஜெனிட்டுக்கான சில லென்ஸும் ஒரே அளவுத் திருகுதான், ஆனால் முதலாவதுக்குத் தூரம் 28.8 மி.மீ., இரண்டாவதுக்கு 45 மி.மீ.க்குச் சற்று மேல். அடாப்டர் வாங்கும் முன் எது என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் யாஷிகா எலெக்ட்ரோ 35ஐக் காட்டி "இதன் லென்ஸைத் தனியாகத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம், அது கேமராவோடு சேர்ந்த லென்ஸ், கழற்றி மாட்டுவதற்கானது அல்ல.

எங்கே கிடைக்கும் என்று எல்லாரும் பெங்களூருவையும் சென்னையையும் சொல்வார்கள். நான் முதலில் நம் ஊர் ஸ்டூடியோக்களைச் சொல்வேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, பாலக்கோடு, எங்கே போனாலும் ஃபிலிம் காலத்தில் கல்யாணம் எடுத்த ஒருவர் இருப்பார், அவர் பீரோவில் ஒரு பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எஃப்எக்ஸ்-3, நிகான் எஃப்எம்10, எப்போதாவது ஒரு ஜெனிட் இருக்கலாம். ஜெனிட் இருந்தால் ஹீலியோஸ் இருக்க நல்ல வாய்ப்பு. தர்மபுரியில் ஸ்டூடியோவை மூடிக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் போனபோது அவர் ஒரு தோல் பையைத் தூக்கிக் கொடுத்து "எடுத்துட்டுப் போப்பா, சும்மாதான கிடக்குது" என்றார். உள்ளே பென்டாக்ஸின் சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4. நான் அங்கேயே உட்கார்ந்து, இது இன்றைக்கு என்ன விலைக்குப் போகிறது என்று போனில் காட்டி, ஃபங்கஸ் கொஞ்சம் இருப்பதையும் டார்ச் அடித்துக் காட்டி, அதற்குத் தக்க விலை பேசி வாங்கினேன். இதை அழுத்திச் சொல்கிறேன். விலை தெரியாத பெரியவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிவந்து நம் கூட்டத்தில் பெருமை பேசாதீர்கள். அந்த லென்ஸ்தான் பல வருடம் அவர் வீட்டுக்குச் சோறு போட்டது. அதே லென்ஸில் அவரையே ஒரு படம் எடுத்து பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், அதற்குப் பிறகு அவர் மூலமாக மட்டும் மூன்று லென்ஸ் வந்தது.

அந்த டக்குமார் மஞ்சளாக இருந்தது. அது பழுதல்ல. ஏழு கண்ணாடி கொண்ட அந்த வகையில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த கண்ணாடி உண்டு, அது வருடங்கள் போகப் போகப் பழுப்பேறும். கதிர்வீச்சு மிகக் குறைவு, படம் எடுப்பதற்குப் பயமில்லை, ஆனால் தலைமாட்டில் வைத்துத் தூங்கவும் வேண்டாம், அந்தக் கண்ணாடியை உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். புற ஊதா வெளிச்சம் பட்டால் மஞ்சள் குறையும். நான் பின் மூடிக்குள் அலுமினியத் தாளை வைத்து மூடி, ஜன்னல் வெயிலில் தினமும் சில மணி நேரம் வைத்தேன், கொஞ்ச நாளில் நன்றாகவே தெளிந்தது. பின் மூடி இல்லாமல் வெயிலில் வைத்துவிட்டு நகரக் கூடாது, லென்ஸ் வெயிலைக் குவித்து ஜன்னல் திரையைப் பற்ற வைத்துவிடும்.

பெயர்களைப் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். சோவியத் லென்ஸ்களில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் தயாரித்த வருடம், 78 என்று தொடங்கினால் 1978. ஹீலியோஸ் 44-2க்கு எட்டு பிளேடு, பின்னால் வந்த 44எம்-4க்கு ஆறு, அதோடு 44எம்-4ல் கையால் மாற்றும் சுவிட்ச் இல்லை என்பதால் பின்னால் இருக்கும் ஊசியை அழுத்திப் பிடிக்கும் அடாப்டர் வேண்டும், சாதாரண அடாப்டர் போட்டால் லென்ஸ் முழுக்கத் திறந்தபடியே நிற்கும். விவிட்டார் என்பது பிறரிடம் செய்யச் சொல்லி விற்ற பெயர். எண் 22 என்று தொடங்கினால் கிரோன், 28 என்றால் கோமினே, 37 என்றால் டோக்கினா செய்தது. கோமினே செய்த 28 மி.மீ. ஒன்றை நான் விற்கவே மாட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் அனுப்பும் கூலியும் சுங்க வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 'எக்ஸலண்ட்' என்று எழுதி ஐந்து கூட்டல் குறி போட்டிருந்தால் மயங்க வேண்டாம், கீழே சின்ன எழுத்தில் ஃபங்கஸ், மங்கல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கடைசி வரி வரை படியுங்கள். கேட்கும் விலை யார் வேண்டுமானாலும் போடலாம், உண்மையில் விற்றுப்போன விலையைத் தேடிப் பாருங்கள்.

வாங்கி வந்ததும் பழைய தோல் உறையைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பார்க்க அழகுதான், ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஃபங்கஸ் அதில்தான் வளர்கிறது. நம் மாவட்டங்கள் வறண்ட ஊர் என்று அலட்சியம் கூடாது, ஐப்பசி கார்த்திகை மழையிலும், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிரிலும் லென்ஸ் கெட்டுப்போகிறது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும், 40லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். ஜெல் நிறம் மாறினால் சமையலுக்குப் பயன்படாத வாணலியில் சிறு தீயில் சூடாக்கி மறுபடி போடலாம். ஃபங்கஸ் லென்ஸ் மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வேண்டாம். ஒகேனக்கல்லில் அருவிச் சாரலுக்குப் பக்கத்தில் இந்த லென்ஸ்களை எடுக்காதீர்கள், இவற்றில் தண்ணீர் புகாத ரப்பர் எதுவும் கிடையாது.

மிரர்லெஸ்ஸில் மாட்டியதும் மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் வேலை செய்யும்படி மாற்றுங்கள், ஃபோகஸ் ஆன விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் போடுங்கள், உடலில் ஆட்டம் குறைக்கும் வசதி இருந்தால் லென்ஸின் மி.மீ. எண்ணைக் கையால் கொடுங்கள். முதல் சோதனைக்கு நாங்கள் கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் போய் கோட்டை மலை உச்சியைப் பார்க்கிறோம். வளையத்தைக் கடைசிக் குறியில் நிறுத்தி, உச்சியில் உள்ள சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தால் தூரத்து ஃபோகஸ் சரியா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஹீலியோஸ் சுழல் பார்க்க மாந்தோப்புதான் சரியான இடம். ஆளை ஒன்றரை இரண்டு மீட்டரில் நிறுத்துங்கள், அவருக்குப் பின்னால் ஐந்தாறு மீட்டர் தள்ளி இலைகளும் இடையிடையே வானம் தெரியும் பொத்தல்களும் இருக்கட்டும், எஃப்/2ல் எடுங்கள். அந்த வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் ஆளைச் சுற்றிச் சுழன்று நிற்கும். முதல்முறை அதைப் பார்த்த அன்று மாலை இருட்டும் வரை நான் தோப்பை விட்டு வெளியே வரவில்லை.

நண்பர்களுக்குள் கை மாற்றும்போது எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, நீங்களும் பின்பற்றினால் நன்றாக இருக்கும். விற்பவர் குறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். டார்ச் அடித்த படம், எஃப்/8ல் பிளேடு படம், வரிசை எண், பின் கண்ணாடி, இந்த நான்கும் கேட்காமலே அனுப்ப வேண்டும். வாங்கியவர் ஒரு வாரம் வைத்து எடுத்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் காரணம் கேட்காமல் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பஸ் பார்சலில் அனுப்பினால் ஃபோகஸை இன்ஃபினிட்டிக்குத் திருப்பி லென்ஸைக் குட்டையாக்கி, இரு பக்கமும் மூடி போட்டு, அட்டைப் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வைத்துக் கட்டுங்கள். முகம் தெரியாதவர் முன்பணம் மட்டும் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள், நேரில் போங்கள்.

நான் ஒரு ஜுபிட்டர்-9 தேடிக்கொண்டிருக்கிறேன், 85 மி.மீ. எஃப்/2, எம்42 திருகு, பதினைந்து பிளேடு உள்ளது. தர்மபுரி, சேலம், ஓசூர், திருப்பத்தூர் பக்கம் யாரிடமாவது இருந்தால் குறைகளோடு சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு வந்து பார்க்கிறேன்.