பிரிட்டன் வேலியோரக் காட்டு ரோஜாக்களை இனம் பிரிப்பது எப்படி?

பூவின் நிறத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். ரோசா கனைனா என்ற ஒரே இனத்திலேயே வெள்ளையும் உண்டு, இளஞ்சிவப்பும் உண்டு. நம்ப வேண்டியது காயைத்தான். ஜூனில் பூத்த புதரைக் குறித்து வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் கடைசியில் போங்கள். 10 மடங்கு கைலென்ஸ், மில்லிமீட்டர் ஸ்கேல், பிளேடு போதும்.

படி 1: சுலபமானவற்றை முதலில் ஒதுக்குங்கள். குட்டைப் புதர், நெருக்கமான நேர் முட்கள், கறுப்பாகப் பழுக்கும் காய் என்றால் ரோசா ஸ்பைனோசிசிமா. தண்டு படர்ந்து, பூ வெள்ளையாக இருந்து, சூல்தண்டுகள் (பூவின் நடுவில் சூல்பையிலிருந்து எழும் மெல்லிய காம்புகள்) ஒட்டிச் சேர்ந்து மகரந்தத் தாள் உயரத்துக்கு நின்றால் ரோசா ஆர்வென்சிஸ்.

படி 2: இளம் சிற்றிலையைக் கசக்கி முகருங்கள். ஆப்பிள் வாசனை வந்தால் ரோசா ரூபிஜினோசா அல்லது அதன் நெருங்கிய உறவு. பிசின் வாசனையும் மெத்தென்ற ரோமமும் இருந்தால் ரோசா டோமென்டோசா கூட்டம். வாசனையே இல்லையென்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: சிக்கல் இங்கேதான். காயின் உச்சியில் சிறு தட்டு இருக்கும். அதன் நடுத்துளை வழியாகத்தான் சூல்தண்டுகள் வெளியே வருகின்றன. காயை நெடுக்காக வெட்டி, துளையையும் தட்டையும் அளந்து ஒப்பிடுங்கள். துளை தட்டின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருந்து, புல்லி இதழ்கள் கீழ்நோக்கி மடங்கி, காய் சிவக்கும் முன்னே உதிர்ந்தால் கனைனா. துளை மூன்றில் ஒரு பங்கு அளவு இருந்து, புல்லி இதழ்கள் நிமிர்ந்து காய் பழுக்கும்வரை நின்றால் ரோசா சீசியா என்ற இனம். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் இதை எதிர்பார்க்கலாம். ஒரு காயை வைத்து முடிவு கட்டாதீர்கள்; ஐந்தாறு வெட்டிப் பாருங்கள். தாமதமாகப் போனால் புல்லி இதழ் எப்போது உதிர்ந்தது என்றே தெரியாது. அடியிலிருந்து விறுவிறுவென எழும் புதுத் தளிரின் முள்ளையும் இலையையும் கணக்கில் எடுக்கவே வேண்டாம். அவை முதிர்ந்த கிளையை ஒத்திருக்காது.

கனைனா, சீசியா இரண்டுக்கும் நடுவில் நிற்கும் புதர்கள் நிறையவே கிடைக்கும். கனைனாவில் பெரும்பாலும் 35 குரோமோசோம்கள். மகரந்தம் 7ஐயும் சூல்முட்டை 28ஐயும் கொடுக்கிறது. அதனால் கலப்புச் செடி தாயையே அதிகம் ஒத்திருக்கும். தாயும் தந்தையும் இடம் மாறினால் தோற்றமும் மாறும். இவற்றை வலிந்து ஓர் இனத்தில் அடைக்காமல், கலப்பு என்றே எழுதிவிடுங்கள்.

படி 4: காயுள்ள கிளையோடு, முள்ளுள்ள முதிர்ந்த தண்டுத் துண்டையும் சேர்த்து அழுத்தி உலர்த்துங்கள். புல்லி இதழ் நின்ற நிலையைப் புதரடியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அழுத்திய பிறகு எல்லாம் படுத்துவிடும்.