தோட்டத்து ஊரில் டி-சட்டை அச்சுத் தொழில்: மை வெந்ததா என்று பார்ப்பது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வலை வழியாக மை இறக்கி டி-சட்டை அச்சடிப்பவருக்குத் தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில்தான் வேலை குவியும். காவடிக் குழுக்களும் உறுமி மேளக் குழுக்களும் பெரும்பாலும் கறுப்புச் சட்டையில் முதுகு நிறைய வெள்ளை எழுத்துக் கேட்பார்கள். அதன் பிறகு தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிகளும், தோட்டக் கோயில் திருவிழாக்களும், காற்பந்துக் குழுக்களும் வரும். துணியும் மையும் மாறினாலும், இந்த ஊரின் ஈரக் காற்றையும் மையின் சூட்டையும் கையாளத் தெரிந்தவரின் அச்சே துவைத்த பிறகும் நிலைத்து நிற்கிறது.

முதலில் எழுத்து. தமிழ் எழுத்துருவை அறியாத வடிவமைப்பு மென்பொருளில் கொம்பும் இரட்டைக் கொம்பும் தத்தம் இடத்தை விட்டு நகர்ந்து, கோயிலின் பெயரே சிதைந்துபோகும். ஆகவே, எழுத்துகளை வரைகோடுகளாக மாற்றிய பிறகு தாளில் எடுத்து, கோயில் செயலாளரிடமோ ஆசிரியரிடமோ காட்டிக் கையொப்பம் பெற்ற பின்னரே, எழுத்தை வலையில் பதிக்க உதவும் ஒளிபுகும் தாளான பிலிமை எடுக்க வேண்டும்.

வலை என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்ணிய துணி; அதன் கண்ணிகள் வழியாகத்தான் மை சட்டையில் இறங்கும். அதைத் தேர்வதில் குழப்பம் வேண்டாம். கறுப்புத் துணியில் கனமாக வெள்ளை விழ வேண்டுமானால் சென்டிமீட்டருக்கு 43 இழை கொண்ட வலையும், நுண்ணிய கோடுகளுக்கு 77 இழை கொண்ட வலையும் போதும். வலை சட்டத்தில் தளர்வாக இருந்தால் எந்த மையும் நேராக விழாது.

எமல்ஷன் என்பது ஒளி பட்டால் இறுகும் பூச்சு; பிலிமில் உள்ள எழுத்து மறைத்த இடம் மட்டும் இறுகாமல், கழுவும்போது மை இறங்கும் வழியாகத் திறந்துவிடும். அதைப் பூசுவதே நம் ஊரில் பலர் தடுமாறும் இடம். வலையை எண்ணெய்ப் பசை போகக் கழுவி உலர்த்தி, மஞ்சள் விளக்கொளியில் இரு பக்கமும் சீராகப் பூசி, சட்டையைத் தொடும் பக்கம் கீழே இருக்குமாறு படுக்க வைத்து இருட்டில் காயவிட வேண்டும். மாலை மழை பெய்து காற்று கனத்திருக்கும் நாளில், தொட்டால் காய்ந்ததுபோல் தெரியும் எமல்ஷனின் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். அதன் மேல் ஒளி பாய்ச்சினால் அது முறையாக இறுகாது. கழுவும்போது எழுத்தின் ஓரமும் சேர்ந்து கரைந்து ஓடும். உடனே விளக்கில் குறை என்று எண்ணி ஒளி நேரத்தைக் கூட்டுகிறவர்களே அதிகம். நேரத்தைக் கூட்டினால் மெல்லிய கோடுகள் அடைபடுமே தவிர, ஈரம் போகாது. ஒரு பழைய அலமாரியில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருவியையும் சிறு மின்விசிறியையும் வைத்து, அதற்குள் வலைகளைக் காயவைப்பதே சரியான தீர்வு. புதிய விளக்கு வாங்குவதற்கு முன் இதை வாங்குங்கள் என்றே நான் சொல்வேன். அதன் பிறகு, ஒரே வலையை அட்டையால் பகுதி பகுதியாக மறைத்து வெவ்வேறு நேரம் ஒளி காட்டிப் பார்த்தால், உங்கள் விளக்குக்கு உரிய நேரம் தெரிந்துவிடும்.

அச்சடிக்கும்போது வலைக்கும் துணிக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், மையை இழுக்கும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜி கடந்தவுடன் வலை தானாக மேலெழும்பி ஓரம் கூர்மையாக விழும். நீரில் கரையும் மையைப் பயன்படுத்துவோர், ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் வலையின் மேல் மையைப் பரப்பி மூடிவைக்க வேண்டும். மின்விசிறியின் காற்று நேராக வலையில் பட்டால் மை கண்ணிகளிலேயே உறைந்துவிடும்.

பிளாஸ்டிசால் என்னும் பிளாஸ்டிக் கலந்த மை அப்படியன்று. அது காற்றில் காய்வதே இல்லை. சூட்டில் வெந்தால்தான் துணியைப் பிடிக்கும். ஒருமுறை உறுமி மேளக் குழு ஒன்றுக்கு அறுபது கறுப்புச் சட்டைகளை அவசரமாக அடித்துக் கொடுத்தேன். கையில் ஒட்டாததால் வேலை முடிந்தது என்று நம்பினேன். இரண்டாம் துவைப்பிலேயே வெள்ளை வெடித்து உரிந்தது. மேல்பரப்பு இறுகியிருந்ததே ஒழிய, துணியைத் தொடும் அடிப்பகுதிவரை சூடு இறங்கவில்லை. அறுபதையும் என் செலவில் மீண்டும் அடித்தேன். வழக்கமான பிளாஸ்டிசால், மேலிருந்து அடிவரை ஏறத்தாழ 160 பாகை செல்சியஸை எட்ட வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானி மேல்பரப்பின் சூட்டை மட்டுமே காட்டும் என்பதால், அதை மட்டும் நம்பக் கூடாது. ஆறிய அச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். வெடித்தால் அது வேகவில்லை. ஒவ்வொரு ஆர்டரிலும் முதல் சட்டையைச் சுடுநீரில் துவைத்துப் பார்த்த பிறகே மீதியைத் தொடங்க வேண்டும். கறுப்புத் துணியில் வெள்ளையை இருமுறை இடும்போது, முதல் பூச்சு கையில் ஒட்டாத அளவுக்கு இறுகினால் போதும். அதை முழுதாக வேகவிட்டால் இரண்டாம் பூச்சு அதன் மேல் சரியாகப் பிடிக்காது.

காற்பந்துக் குழுவினர் விரும்பும் பாலியெஸ்டர் சட்டைக்கு இந்தச் சூடு ஆகாது. சிவப்புத் துணியின் சாயம் சூட்டில் கிளம்பி வெள்ளை மைக்குள் ஏறி, ஓரிரு நாளில் அதை இளஞ்சிவப்பாக்கிவிடும். அதற்கெனக் குறைந்த சூட்டில் வேகும், சாயத்தைத் தடுக்கும் மை கிடைக்கிறது. விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்க வேண்டும்.

விலை சொல்வதில் நம்மவர்கள் செய்யும் தவறு, வலை தயாரிக்கும் செலவை மறந்துவிடுவதாகும். எடுத்துக்காட்டாக, சட்டை 9 வெள்ளி (ரிங்கிட்), மையும் மின்சாரமும் 1 வெள்ளி, கூலி 3 வெள்ளி, முன்னும் பின்னும் அச்சடிக்க இரண்டு வலைகளுக்கு 60 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 40 சட்டைக்கு மொத்தம் 580 வெள்ளி, அதாவது ஒன்றுக்கு 14 வெள்ளி 50 சென். அதே வேலை 12 சட்டைக்கு என்றால் ஒன்று 18 வெள்ளி ஆகிறது. இது அடக்க விலை மட்டுமே; இலாபமும், பழுதாகும் இரண்டு மூன்று சட்டைகளின் விலையும் இதன் மேல் வர வேண்டும். தெரிந்தவர் என்பதற்காக 12 சட்டையை 40 சட்டையின் விலைக்குக் கொடுத்தால், உங்கள் உழைப்பு வலையோடு கழுவிப் போய்விடும். பாதிப் பணத்தை முன்பணமாகப் பெற்ற பிறகே துணி வாங்குங்கள்.

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. கடை வைப்பதாயின் ஊராட்சி மன்ற உரிமமும் வேண்டும். புகழ்பெற்ற காற்பந்துக் குழுக்களின் சின்னத்தை அவற்றின் அனுமதியின்றி அச்சடிக்கக் கேட்பவர்களை, எவ்வளவு நெருங்கியவராயினும், மறுத்துவிடுங்கள்.

சட்டைகளைக் கொடுக்கும்போது, துவைத்துப் பார்த்த அந்த முதல் சட்டையையும் அவர்கள் முன் விரித்துக் காட்டி, திருப்பிப் போட்டுத் துவைக்க வேண்டும் என்றும், அச்சின் மேல் நேராகத் தேய்ப்புப்பெட்டி வைக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்புங்கள்.