தார்ச்சாலை ராலியில் படம் எடுக்கப் போகிறீர்களா? முதலில் நிற்கிற இடத்தைப் பாருங்கள்

அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது டோனிகால். ஒவ்வொரு ஜூனிலும் மூன்று நாள் அந்த வட்டாரத்துச் சாலைகளை முறைவைத்து அடைத்து, கார்களை ஒன்றன்பின் ஒன்றாக விட்டு நேரம் கணக்கிடுகிற கார் ராலி நடத்துவார்கள். 1972இல் தொடங்கியது. மற்ற நாள்களில் டிராக்டரும் பள்ளிக்கூட பஸ்ஸும் போகிற சாலைதான். இரண்டு கார் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கித்தான் ஆகவேண்டும். இரு பக்கமும் புதர்வேலி, இல்லாவிட்டால் கல்சுவர்.

முதல் தடவை போனபோது ஒரே நாளில் 900 படம் எடுத்தேன். தேறியது நான்கு. நல்ல வெயில், ஷட்டரை 1/2000 விநாடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு படமும் ஊசிமுனை மாதிரி இருந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஓட்டுநர் பெயரைப் படிக்க முடிந்தது, டயரில் இருந்த எழுத்தையும் படிக்க முடிந்தது. அதுதான் கோளாறு. பறந்து போன கார், ஷோரூம் வாசலில் நிறுத்தி வைத்த கார் மாதிரி இருந்தது.

கோயம்புத்தூர்ப் பக்கம் மண்பாதை ராலியில் எடுத்துப் பழகியவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. அங்கே வேகத்தைப் புழுதி சொல்லிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் அந்த உதவி கிடையாது. சக்கரம் சுழல்வதும் பின்னணி ஓடுவதும் படத்தில் தெரிந்தால்தான் உண்டு. ஒரு சின்னக் கணக்கு: 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரின் சக்கரம், 1/1000 விநாடியில் சுமார் 5 டிகிரிதான் திரும்பும். நின்ற மாதிரியே இருக்கும். 1/125இல் அது கிட்டத்தட்ட 40 டிகிரி, ரிம்மின் கம்பிகள் கரைந்துவிடும். ஆகவே பக்கவாட்டில் கடக்கும் காருக்கு 1/125இல் தொடங்கி, கை பழகப் பழக 1/60 வரை இறங்குங்கள். கொண்டை ஊசி வளைவில் கார் 40 கிலோமீட்டரில் ஊர்ந்துதான் திரும்பும், அங்கே 1/125கூட அதிகம். நேராக நம்மை நோக்கி வரும் காருக்கு மட்டும் 1/500க்கு மேல் வையுங்கள். அதில் சக்கரம் எப்படியும் தெரியப்போவதில்லை.

ஷட்டர் தவறைத் திருத்த ஒரு விநாடி போதும். நின்ற இடம் தவறு என்றால் அன்றைய பொழுதே போச்சு. முதல் கார் வருவதற்கு வெகு நேரம் முன்பே சாலையை அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு காரை எடுத்துக்கொண்டு வேறு வளைவுக்குப் போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைசி கார் போய், ஓட்டம் முடிந்தது என்று காட்ட அதன் பின்னால் வருகிற வண்டியும் கடந்த பிறகுதான் விடுவார்கள். "போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்புகிறவர்கள் முக்கால்வாசிப் பேர், வண்டியை நிறுத்த இடம் கிடைத்த முதல் வளைவில் மாட்டிக்கொண்டு, முன்னால் நிற்பவரின் முதுகை எடுத்துவிட்டு வருகிறார்கள்.

இடம் தேடும்போது கார் எங்கே வரும் என்று மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. காருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டோனிகாலில் நாக்காலா என்ற மலைச்சாலை இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் கீழே பாலிமஸ்டாக்கர் விரிகுடாவின் மணல்வெளி முழுக்கத் தெரியும். அங்கே போயும், மேட்டில் பத்தடி ஏறச் சோம்பல்பட்டு, பச்சைப் புதரையும் மஞ்சள் மேல்சட்டைக் கூட்டத்தையும் பின்னணியாக வைத்து எடுத்தவன் நான். உயரத்தில் நின்றால் பின்னணியும் கிடைக்கும், உயிருக்கும் நல்லது.

இப்போதைய கார்களைப் பற்றியும் ஒரு தவறான எதிர்பார்ப்பு உண்டு. பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு குறுக்காக வரும் என்று காத்திருப்பார்கள். அது பழைய ஃபோர்டு எஸ்கார்ட் செய்கிற வேலை. இன்றும் அயர்லாந்தில் அந்தப் பழைய வண்டிக்குத்தான் கைதட்டல் அதிகம். ஸ்கோடா ஃபேபியா, ஹூண்டாய் ஐ20, டொயோட்டா யாரிஸ் மாதிரியான ராலி2 வகைக் கார்கள் வேறு ஜாதி. 1.6 லிட்டர் டர்போ, நான்கு சக்கரத்துக்கும் இழுவிசை, குறைந்தபட்ச எடை 1,230 கிலோ. தார்ச்சாலைக்கு 18 அங்குல ரிம் போட்டு, வண்டியைத் தரையோடு தரையாக இறக்கியிருப்பார்கள். வழுக்கினால் நேரம் போகும் என்பதால் தண்டவாளத்தில் போகிற மாதிரிதான் வளைவார்கள். வளைவின் நடுவில் நின்று எடுத்தால் சப்பென்று இருக்கும்.

நாடகம் வேறு இடங்களில் இருக்கிறது. ஒன்று, வேகமாக வந்து பிரேக் அடிக்கிற இடம்: மூக்கு குத்திக்கொண்டு இறங்கும், பின்சக்கரம் லேசாகிவிடும். இன்னொன்று, வளைவின் உள்விளிம்பு. ஓட்டுநர்கள் தாரை விட்டு உள்ளே புல்லில் ஒரு சக்கரத்தை இறக்கி வளைவைச் சுருக்குவார்கள். மண்ணும் புல்லும் தெறிக்கும், உள்பக்கச் சக்கரம் காற்றில் நிற்கும். தூரத்தைக் கிட்டத்தில் காட்டுகிற டெலி லென்ஸில் அதைப் பிடித்தால் அன்றைய படம் அதுதான்.

ஆனால் அந்த உள்விளிம்பைப் பற்றி ஒன்று தெரிந்திருக்கவேண்டும். முதல் பத்து கார் சுருக்கிப் போனதும் சாலை முழுக்கச் சேறும் கல்லும் இழுத்து வந்து கிடக்கும். பதினொன்றாவது காருக்கு அது வேறு சாலை. "பத்து கார் ஒழுங்காகப் போச்சே, இங்கே பயமில்லை" என்று நினைத்து ரெண்டடி முன்னால் நகர்வதைவிட ஆபத்தான தவறு வேறில்லை. நேரம் ஆக ஆக நிற்கிற இடம் மோசமாகும், நமக்குத் துணிச்சல்தான் கூடும்.

ஊரிலிருந்து வந்த நண்பன் ஒருவன், வளைவின் வெளிப்பக்கம் வேலி திறந்திருந்த இடத்தில் போய் நின்றான். "மாப்ளே, இங்க நின்னா கார் நேரா நம்ம மேல வர்ற மாதிரியே இருக்கும்டா."

"மாதிரி இல்லடா, வரும்."

சிரித்துவிட்டு வந்துவிட்டான். ஆனால் இது சிரிக்கிற விஷயமில்லை. 2014 மே 31 அன்று ஸ்காட்லாந்தில், இதே மாதிரி அடைத்த தார்ச்சாலையில் நடந்த ஜிம் கிளார்க் ராலியில், ஒரு கார் சாலையை விட்டு விலகி மூன்று பார்வையாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஸ்காட்லாந்து அரசு மோட்டார் பந்தயங்களின் பாதுகாப்பையே மறு ஆய்வுக்கு உட்படுத்தியது. வளைவின் வெளிப்பக்கம், மேடு தாண்டிக் கார் இறங்குகிற இடம், சந்திப்பில் நேராகப் போகிற கிளைச்சாலை, மூன்றிலும் நிற்கக்கூடாது. பிரேக் பிடிக்காத கார் போய்ச் சேருகிற இடம் அந்தக் கிளைச்சாலைதான். அங்கே கட்டியிருக்கிற நாடா படத்தில் விழுகிறதே என்று அதைத் தாண்டுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். சாலையோரம் பாதுகாப்பைக் கவனிக்கிற மார்ஷல் விசில் அடித்தால் வாதம் செய்யாதீர்கள். அவர் பேச்சைக் கூட்டம் கேட்கவில்லை என்றால் அந்த ஸ்டேஜையே, அதாவது அடைத்த அந்தச் சாலைத் துண்டின் ஓட்டத்தையே, ரத்து செய்துவிடலாம். அப்புறம் யாருக்கும் படமில்லை.

உட்காராதீர்கள். கால் மடித்து உட்கார்ந்தவன் எழுந்து ஓட எடுக்கிற ஒரு விநாடியில், 100 கிலோமீட்டரில் வருகிற கார் 28 மீட்டர் வந்துவிடும். பின்னால் ஒதுங்க வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே ஒரு தரம் நடந்து பாருங்கள். முள்வேலி இருந்தால் அது வழியல்ல. வைடு லென்ஸும் போனும் இன்னொரு வகையில் ஏமாற்றும்: பக்கத்தில் இருக்கிற காரைத் தூரத்தில் இருப்பதாகக் காட்டும். திரையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கார் எப்போது வந்தது என்றே தெரியாது. 70-200 அல்லது 100-400 மி.மீ. டெலி லென்ஸ் இருந்தால் தள்ளி நின்று எடுக்கலாம். வ்யூஃபைண்டருக்கு வெளியே இன்னொரு கண்ணைத் திறந்தே வையுங்கள்.

காமிராவுக்கு வருவோம். ஆட்டோ ஃபோகஸ் காரை விட்டுவிட்டுப் புதர் இலையைப் பிடிப்பது எல்லோருக்கும் நடக்கிறது. ராலிக்கு முன் 000, 00, 0 என்ற எண்களோடு பாதுகாப்பு வண்டிகள் அதே சாலையில் வரும். அவற்றைச் சும்மா விடுவது பெரிய வீணடிப்பு. உங்கள் ஃபோகஸ், பின்னணி, கை வீச்சு எல்லாவற்றுக்கும் அதுதான் ஒத்திகை. கார் எந்த இடத்தில் வந்தால் படம் என்று சாலையில் ஓர் ஒட்டுப்போட்ட தாரையோ வெள்ளைக் கோட்டின் முனையையோ குறித்துக்கொள்ளுங்கள். காரைப் பார்த்ததுமே பட்டனை அழுத்தித் தொடர் படம் எடுத்தால், அது குறியிடத்துக்கு வருவதற்குள் காமிராவின் நினைவகம் நிரம்பித் திணறும்.

மிரர்லெஸ் காமிரா வைத்திருப்பவர்கள் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை விட்டுவிடுங்கள். பல காமிராக்களில் கார் ஒரு பக்கம் சாய்ந்து, சக்கரம் முட்டை வடிவாக விழும். எல்இடி விளக்குகள் படத்துக்குப் படம் எரிந்தும் அணைந்தும் தெரியும், சிலதில் வரி வரியாக வரும். முன் கண்ணாடியில் மேகம் விழுந்து ஓட்டுநர் முகம் மறைகிறதென்றால் லென்ஸ் முன்னால் பிரதிபலிப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் போடலாம், அதற்கு ஒன்றரை ஸ்டாப் அளவு, அதாவது பாதிக்கு மேல், வெளிச்சத்தைக் கப்பம் கட்டவேண்டும். இதில் எனக்கு நேர்ந்த வேடிக்கை ஒன்று: பக்கவாட்டில் எடுத்த படங்களில் எல்லாக் காரின் ஜன்னலிலும் எண்ணெய் கொட்டின மாதிரி வானவில் நிறம். லென்ஸ் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். ஜன்னல் கண்ணாடியே அல்ல, பிளாஸ்டிக். அதற்குள் இருக்கிற இறுக்கத்தைப் போலரைசர் வண்ணமாகக் காட்டிவிடும்.

ஃபிளாஷ் கூடவே கூடாது, ஓட்டுநரின் கண்ணைக் கூசவைக்கும். ட்ரோனை வீட்டில் விட்டுவிடுங்கள். மழை வரும், அயர்லாந்தில் வராமல் இருக்காது. மூட்டையைக் கட்டாதீர்கள். ஈரத்தில் கடந்து போகிற காரின் பின்பக்கத்தை எடுத்தால், நீர்த்தூவலுக்கு நடுவே சிவப்பு விளக்கு மட்டும் எரிகிற படம் கிடைக்கும். வயல் வழியாகப் போனால் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்டை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள், உள்ளே ஆடு இருக்கும்.

ஒரே ஸ்டேஜை இன்னொரு தடவை ஓட்டுவது வழக்கம். இரண்டு ஓட்டத்துக்கும் ஒரே இடத்தில் நிற்காதீர்கள். முதல் ஓட்டத்தில் நல்ல படம் ஒன்றிரண்டு விழுந்ததும் திருப்தியாகி, அதையே இன்னொரு நூறு எடுத்துவந்த நாள்கள் எனக்கு நிறைய.

கார் கவிழ்ந்தால் காமிராவைக் கீழே இறக்குங்கள். மார்ஷல் கூப்பிட்டால் மட்டும் உதவிக்குப் போங்கள், அடுத்த கார் அதே சாலையில் வந்துகொண்டிருக்கலாம். அந்தப் படத்தை உடனே வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள். கதவில் எண் இருக்கும், கண்ணாடியில் பெயர் இருக்கும். உள்ளே இருப்பவரின் வீட்டுக்காரர்கள், கார்களைப் பழுதுபார்க்கிற சர்வீஸ் பார்க்கில், கையில் போனோடுதான் நின்றுகொண்டிருப்பார்கள்.