பழைய தறியும் அச்சு இயந்திரமும் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

நெசவு, அச்சு இயந்திரங்கள் வைத்திருக்கிற அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு, "பெரிய பெரிய இரும்பா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லித் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே கேட்காது. பக்கத்தில் ஓடுகிற தறியைப் பார்க்காமல் நேரே அங்கே போய் நிற்பதுதான் காரணம். கீழக்கரையோ தொண்டியோ மண்டபமோ, நம் கடற்கரையில் எங்கிருந்தாலும் பரமக்குடிக்கு பஸ் இருக்கிறது, வைகையைத் தாண்டினால் எமனேஸ்வரம். தறிச் சத்தம் கேட்கிற வீட்டில் கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் நின்று பாருங்கள். காலால் மிதித்தால் நீளவாக்கில் கட்டிய பாவு இழைகள் இரண்டாகப் பிரிகின்றன, கயிற்றைச் சுண்டினால் நாடா என்கிற படகு மாதிரிக் கட்டை, ஊடை என்கிற குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நடுவே ஓடுகிறது, பலகையை இழுத்து அடித்தால் ஊடை நெருக்கமாகப் போய் உட்காருகிறது. இந்த மூன்று வேலைதான். அப்புறம் எவ்வளவு பெரிய விசைத்தறி முன்னால் நின்றாலும், இதையெல்லாம் அங்கே எது செய்கிறது என்று கண் தானாகவே தேடும்.

அடுத்தது, கண்ணில் பட்ட வரிசையில் பார்த்துக்கொண்டே போவது. ஆண்டு வரிசையில் பாருங்கள், கதை அதில்தான் இருக்கிறது. 1733-இல் இங்கிலாந்தில் ஜான் கே கயிறு சுண்டி ஓட்டும் நாடாவைக் கொண்டுவந்ததும் நெசவு வேகமாகிவிட்டது, நூற்கிறவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த நூல் தட்டுப்பாட்டில்தான் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி, ஆர்க்ரைட் 1769-இல் காப்புரிமை வாங்கிய நூற்பு இயந்திரம், 1779-இல் கிராம்ப்டனின் மியூல் என்று நூல் நூற்கும் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இப்போது நூல் குவிந்து தறி பின்தங்கியது, 1785-இல் கார்ட்ரைட்டின் விசைத்தறி வந்தது. மியூல் முன்னால் நிற்கும்போது குனிந்து அதன் அடிப்பக்கத்தையும் பாருங்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சின்னப் பிள்ளைகளை அந்த இடுக்குக்குள் ஊர்ந்துபோய் உதிர்ந்த பஞ்சைப் பொறுக்க வைத்தார்கள். பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போனால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பெயரை மட்டும் பார்த்துக் கிளம்புவதும் தப்பு. அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகம் அருமையான இடம், ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் பழைய துணிகள், அதுவும் முன்பதிவு செய்தால்தான் உள்ளே விடுவார்கள். இயந்திரம்தான் பார்க்க வேண்டும் என்றால், இங்கிலாந்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு பிராட்ஃபோர்டு தொழில் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய கம்பளி மில்லுக்குள்ளேயே நெசவு, அச்சு இரண்டும் வைத்திருக்கிறார்கள். ஜப்பான் போகிறவர்கள் நகோயாவில் டொயோட்டாவின் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். அந்தக் கார் கம்பெனியே தறியிலிருந்து பிறந்ததுதான். 1924-இல் வந்த அவர்களுடைய ஜி வகைத் தறியில் ஓர் இழை அறுந்தாலும் தறி தானாக நின்றுவிடும், அதனால் ஓர் ஆளே பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. எங்கே போனாலும் இயந்திரத்தை ஓட்டிக்காட்டும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நின்றுபோன தறியில் பாதிகூடப் புரியாது.

ஓடும்போது சத்தம் காதைப் பிளக்கும், கைக்குழந்தையோடு கிட்டே போகாதீர்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி மில்களில் பெண்கள் ஒருவர் உதட்டசைவை ஒருவர் பார்த்தே பேசிக்கொண்டார்கள் என்பது அந்தச் சத்தத்தைக் கேட்டால் நன்றாகப் புரியும். முந்தானை, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். இரும்பைத் தடவிப் பார்க்கவும் வேண்டாம், உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும், கை வியர்வையும் அதேதான்.

அச்சுப் பக்கத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள், அது எனக்குப் பெரிய வருத்தம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வருகிற தரங்கம்பாடியில்தான் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார்கள். எழுத்து எழுத்தாகக் கையால் கோத்த காலம் அது. அச்செழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருக்கும், ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் நகருங்கள். 1814-இல் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் நீராவி அச்சு இயந்திரத்துக்கு மாறியபோது மணிக்குச் சுமார் 1,100 தாள் அடித்தது, கையால் அடித்தால் 250 தாண்டுவதே கஷ்டம். ஆனால் வேகம் கூடியது அச்சடிப்பதில் மட்டும்தான், எழுத்துக் கோப்பது இன்னும் எழுபது வருடம் கையாலேயே நடந்தது, 1886-இல் லினோடைப் என்கிற எழுத்துக் கோக்கும் இயந்திரம் வரும்வரை.

அந்த எழுத்துகளில் ஈயம் இருக்கிறது. தொட்டுப் பார்க்கக் கொடுத்தால் பிள்ளைகள் தாராளமாகத் தொடட்டும், ஆனால் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.